பட்டினச்சேரி டிவியில் தெரிந்த ஆள்

"அண்ணே, எங்க ஊரு டிவியில எங்க அக்கா வூட்டுக்காரரு தெரியுறாரு. வந்து பாருங்கண்ணே."

காரைக்காலில் நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்த கம்ப்ளெயிண்ட் இது. படம் இல்லை, சத்தம் இல்லை, படம் உருளுகிறது, பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடக்கிறது என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். ஆள் தெரிகிறார் என்று யாரும் சொன்னதில்லை. "டிவின்னா ஆள் தெரியத்தானப்பா செய்யும்?" என்று நக்கலாகக் கேட்டேன். என் வாய் அப்படி.

வந்தவன் பெயர் செல்வம். பட்டினச்சேரி பஞ்சாயத்து டிவியின் பெட்டிச் சாவி அவனிடம்தான் இருக்கும். அவன் சிரிக்கவில்லை. "அவரு கடலுக்குப் போயி இருவத்தஞ்சு நாளாச்சுண்ணே" என்றான்.

பாதி குடித்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

நடந்தது எண்பதுகளின் பிற்பாதியில். இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பிகள் இதைப் பேய்க்கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். ஒரு வயரை எங்கே சேர்க்கக் கூடாது என்பதைப் பற்றிய கதை இது. ஒரு பகுதியைத் தவிர மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

1. சிங்கப்பூர் போர்டு

செல்வம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அமீன் நானா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். சிங்கப்பூரில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டின் கீழ்ப்பகுதியில் வீடியோ கேம் கடை போடப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் எங்கே என்று கேட்டேன். ஒரு கைலிக்குள் சுருட்டி வைத்திருந்த போர்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பெட்டி இல்லை, மானிட்டர் இல்லை, பவர் சப்ளை இல்லை. வெறும் பச்சைப் பலகை.

"இத உயிரோட எழுப்பிக் குடு தம்பி. மத்தத நான் பாத்துக்கிறன்" என்றார்.

அந்தப் போர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் வீட்டு டிவியில் சொருகி விளையாடும் ஜப்பான் பெட்டி ஒன்றைக் கொண்டுவருவார்கள். கேசட் மாற்றி மாற்றி விளையாடலாம். அந்த வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் அதே சிபியுவையும் படம் வரையும் சிப்பையும் எடுத்துப் பெரிய போர்டில் உட்கார வைத்து, கேசட்டுக்குப் பதில் விளையாட்டு பதிந்த ரோம் சிப்களைச் சொருகி, காசு ஸ்விட்சுக்கு ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். ஓரத்தில் எட்டுக் குட்டி ஸ்விட்சுகள். ஆட வருகிறவனுக்கு எத்தனை உயிர் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். வீட்டில் விளையாடும் பொருளைக் கடையில் காசு வாங்குகிற பொருளாக மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். இதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வீட்டுப் பெட்டிகளை நான் ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருந்தேன்.

போர்டு கலருக்கு மூன்று தனிக் கம்பி கொடுத்தது. அதை வாங்கிக்கொள்ளும் மானிட்டர் காரைக்காலில் கிடையாது. மூன்றையும் மூன்று ரெசிஸ்டர் போட்டு ஒன்றாகச் சேர்த்து, படத்தை ஒழுங்காக நிறுத்தும் சிங்க் சிக்னலையும் கலந்து கறுப்பு வெள்ளையாக்கினேன். செத்துப்போன ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து, படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டரைக் கழற்றி வைத்து, படத்தைச் சாதாரண டிவியின் ஆண்டெனா துளை வழியாகவே உள்ளே விட்டேன். படம் உருண்டது. அது ஜப்பான் கணக்குக்குச் செய்தது, நம் டிவி நம் கணக்குக்கு ஓடும். டிவியின் பின்னால், உருளும் படத்தைப் பிடித்து நிறுத்தும் வி-ஹோல்டுக் குமிழைத் திருப்பினேன், நின்றது. நானா என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது.

விளையாட்டு இதுதான். அகலமான ஒரு ஆறு. அதில் கட்டைகள் மிதந்து போகும். ஒரு சின்ன ஆள் கட்டைக்குக் கட்டை தாவித் தாவி அக்கரைக்குப் போக வேண்டும். தவறினால் தண்ணீருக்குள் போய்விடுவான், மேலே நாலு குமிழி வரும், பிறகு இக்கரையில் மறுபடி எழுந்து நிற்பான். மூன்று உயிர். அக்கரையில் ஒரு கொடி நட்டிருக்கும். அதைத் தொட்டவர்கள் அபூர்வம். யாரும் காசு போடாதபோது மெஷின் தானாகவே கொஞ்சம் ஆடிக் காட்டும்.

2. மாடிக்குப் போட்ட வயர்

கடை திறந்து பத்து நாளில் கூட்டம் தாங்கவில்லை. மாடியில் இருந்த நானாவின் மனைவியும் தங்கைகளும் கீழே வந்து பார்க்க முடியாது. கூச்சல் மட்டும் அவர்களுக்குக் கேட்கும்.

"வீட்டுப் பொம்பளைங்க என்னப் புடுங்கி எடுக்குறாங்க தம்பி, கீழ என்னதான் நடக்குதுன்னு. மாடி டிவிக்கும் ஒரு வயரு போட்டு உடு" என்றார் நானா.

மாடி டிவி, சிலோன் டிவி பார்க்கிற டிவி. அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரையில் வசதியுள்ளவர்கள் வீட்டுக்கு மேலே உயரமான பைப் நட்டு, ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டு இலங்கை ஒளிபரப்பைத்தான் பார்ப்பார்கள். நமது டிவியைவிட அது தெளிவாக வரும். படிக்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து நானாவின் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "தம்பி, சேனல் குமிழு ஏற்கெனவே தேஞ்சு கெடக்கு. திருப்புற மாதிரி வைக்காதீங்க. சிலோன் முடிஞ்சா ஆட்டம் தெரியணும், அவ்வளவுதான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது முதல் வருட அப்ரெண்டிசுக்குத் தெரியும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஒன்று வந்தால் மற்றது துண்டிக்கப்படும்படி செய்திருக்க வேண்டும். நான் செய்தது இது: மாடுலேட்டரை சிலோன் டிவியின் அதே சேனலுக்கு டியூன் செய்தேன். மாடிவரை வருவதற்குள் சிக்னல் சோர்ந்துபோனதால் நடுவில் ஒரு பூஸ்டர் போட்டேன். அதன் முனையையும் ஆண்டெனா கேபிளையும் மாடி டிவியின் பின்னால் ஒரே முடிச்சாக முறுக்கி டேப் சுற்றினேன். குமிழைத் திருப்ப வேண்டாம், எழுந்து போக வேண்டாம். பெண்கள் மெச்சினார்கள். பிரியாணி வந்தது.

அந்த முடிச்சால், சிக்னலை வாங்க வேண்டிய ஆண்டெனா அனுப்பவும் ஆரம்பித்துவிட்டது. நானா வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்தக் கட்டை தாவும் ஆள் தென்கிழக்கே, கடலோரமாகப் புறப்பட்டுவிட்டான். அக்கம்பக்கத்தில் நாலைந்து வீட்டில் 'சிலோன்ல கோடு விழுது' என்று என்னிடம் சொல்லத்தான் செய்தார்கள். கார்த்திகை மாசத்து வாடைக் காற்று என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் தொழிலில் பதில் தெரியாதபோது காற்றைச் சொல்வது வழக்கம்.

3. கொட்டகையில் பார்த்தது

செல்வத்தோடு பஸ்ஸில் திருமலைராயன்பட்டினத்தில் இறங்கிப் பட்டினச்சேரிக்கு நடந்தேன். வழியில் விவரம் சொன்னான். அவன் அக்கா அஞ்சலை. அக்காவின் கணவர் கலியமூர்த்தி கட்டுமரத்தில் தனியாகப் போனவர். காற்று மாறியது. கட்டுமரம் என்பது கட்டைகளைக் கயிற்றால் பிணைத்ததுதான். நாலாம் நாள் அதில் ஒரே ஒரு கட்டை மட்டும் கீழவாஞ்சூர்க் கரையில் ஒதுங்கியது.

காற்றில் தப்பிப் போகிறவர்கள் இலங்கைக் கரையில் ஒதுங்குவதுண்டு. ஒதுங்கினால் சிலோன் டிவியின் தமிழ்ச் செய்தியில் சொல்வார்கள் என்று ஊரில் நம்பிக்கை. அதனால் அஞ்சலை தினமும் சாயங்காலம் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து டிவிக் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். செய்தி வரவில்லை. ஆள் வந்தார்.

நான் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. அறுபது எழுபது பேர் மணலில் உட்கார்ந்திருந்தும் ஒரு சத்தமில்லை. டிவியில் சிலோன் எடுக்கவில்லை, புள்ளி புள்ளியாக இரைச்சல். அதற்குள் ஏதோ மங்கலாக மேலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தது. நான் கையைப் பின்னால் விட்டு வி-ஹோல்டை மெல்லத் திருப்பினேன். படம் நின்றது.

தண்ணீர். அதன்மேல் ஒரு கட்டை. கட்டையின்மேல் ஒரு ஆள். ஆள் விழுந்தார். தண்ணீருக்குள் போனார். குமிழி வந்தது. மறுபடி எழுந்து நின்றார்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கையால் சாலிடர் வைத்து எழுப்பிய படம். ஆனாலும் அந்தக் கொட்டகையில், அந்த இரைச்சலுக்குள், அது என் படம் என்று எனக்கே உறைக்கவில்லை. இரண்டாம் முறை விழுந்தபோதுதான் உறைத்தது.

"நிறுத்திட்டாருடி, கலியன் மாமாவ மெக்கானிக்கு நிறுத்திட்டாரு" என்று ஒரு பெண் குரல் பின்னால் கேட்டது.

அஞ்சலை முன்வரிசையில் இருந்தார். முப்பது வயது இருக்கும். அழவில்லை. என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினார். "தம்பி, மூணு தடவ வுழுவாரு. அப்பறம் கொஞ்ச நேரம் இருட்டாயிரும். திரும்ப வருவாரு. எப்பவும் ஒரே பக்கமாத்தான் போறாரு, பாருங்க. அந்தப் பக்கந்தான சிலோனு?"

திரையில் ஆள் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். டிவியின் வலப்பக்கத்தில் கடல் இருந்தது.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் நாட்டாமை எழுந்தார். உடம்பு கிடைக்காதவருக்கு முப்பது நாள் பொறுத்துக் கருமாதி வைப்பது அந்த ஊர் வழக்கம். இப்படிப்பட்ட காரியத்துக்கு முன்னால் அம்மன் கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்பார்கள். நாட்டாமை திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆத்தாளே இங்க காட்டுறா. இனிமே பூவு எதுக்கு? வெள்ளிக்கெழம சாயங்காலம் எல்லாரும் பாப்பம். அன்னக்கி கலியன் அக்கர சேந்துட்டா பொறுத்துப் பாக்குறது. சேரலன்னா ஞாயித்துக்கெழம கருமாதி. அஞ்சல, என்ன சொல்ற?"

"சரிங்க" என்றார் அஞ்சலை. அவர் கை கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்தது.

நான் பூஸ்டரில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று எதையோ உளறிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். கூலி வாங்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவர்கள் எடுத்துக்கொண்டது இன்னும் உறுத்துகிறது.

4. வெள்ளிக்கிழமை

மறுநாள் நானா வீட்டு மாடியில் முடிச்சைத் தொட்டேன், விட்டுவிட்டேன். பிரித்துவிட்டால் வெள்ளிக்கிழமை படமே வராது. ஆள் அக்கரை சேரவில்லை என்று கருமாதி வைத்துவிடுவார்கள். பிரிக்காவிட்டால் கடையில் காசு கொடுத்து டோக்கன் வாங்கியவன் எவனோ ஒருவன் ஆளை மூன்று தடவை தண்ணீரில் தள்ளுவான், அப்போதும் கருமாதிதான். போய்ச் சொன்னால் தோலை உரிப்பார்கள். எனக்குத் தைரியம் கிடையாது, அதை இப்போது ஒப்புக்கொள்வதில் கஷ்டமில்லை.

அந்த மூன்று நாளும் நானா கடையில் ஒருவன் ஆளை விழவைத்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பட்டினச்சேரியில் அஞ்சலை பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே டோக்கன் விழுந்தால் அங்கே அவர் கணவர் எழுந்து நிற்கிறார், இவர்கள் கை நழுவினால் சாகிறார். இவர்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நானாவிடம் சொன்னேன்: "நானா, போர்டுல ஒரு டெஸ்ட் பாக்கணும். ஒரு மணி நேரம் வேற யாரையும் தொட விடாதீங்க."

"பாரு தம்பி, ஒம்ம பிள்ள மாதிரிதான அது" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

எனக்கு அந்த ஆட்டம் வராது. சாலிடரிங் இரும்பு பிடிக்கிற கைக்கும் விளையாட ஸ்டிக் பிடிக்கிற கைக்கும் சம்பந்தமில்லை. முதல் உயிர் இரண்டாம் கட்டையிலேயே போயிற்று. குமிழி வந்தபோது பட்டினச்சேரியில் யாரோ மூச்சை இழுத்தது போல இருந்தது. இரண்டாம் உயிர் பாதி ஆற்றில் போயிற்று. மூன்றாவதில் கை வேர்த்து ஸ்டிக் வழுக்கியது. எப்படித் தாவினேன், எந்தக் கட்டையில் நின்றேன் என்று தெரியாது. கடைசிக் கட்டையிலிருந்து அவன் கரையில் கால் வைத்துக் கொடியைத் தொட்டான். கடையில் இருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். நானா சோடா உடைத்துக் கொடுத்தார்.

ஒரு பெண்ணின் தாலியைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மடத்தனம்.

சனிக்கிழமை காலையில் செல்வம் ஒரு பெரிய கொடுவா மீனை ஓலைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. "ஒங்க கை பட்ட நேரண்ணே. நேத்து அக்கர சேந்துட்டாரு. ஊரே அழுதுட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா காதுத் தோட்ட வித்து ஒரு வள்ளம் பேசிட்டுது. திங்கக்கெழம விடியக்காலம் அக்கரைக்குப் போயி தேடப் போவுது. நானும் போறன். புள்ளைவள இங்க உட்டுட்டு வரச் சொன்னா கேக்க மாட்டங்குது. கூட்டிகிட்டே வருதாம்."

அந்த வருடங்களில் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வலை போட எல்லை தாண்டினவர்களே சுடப்பட்டுத் திரும்பினார்கள். ஒரு வள்ளத்தில் ஒரு பெண்ணும், ஒரு வாலிபனும், இரண்டு குழந்தைகளும். அனுப்பி வைப்பது நான். மீனை வாங்கிக்கொள்ளாமல் அவனைத் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

5. பைக்குள் இருந்த போர்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! போ தம்பி, மொதல்ல போயி சொல்லு. கட கெடக்குது" என்றார். போர்டையும் பவர் சப்ளையையும் மாடுலேட்டரையும் ஸ்டிக்கையும் கழற்றி ஒரு ரெக்சின் பையில் வைத்தேன். மாடி முடிச்சையும் வெட்டினேன். ஐந்து மணி பஸ். கூட்டத்தில் பை என் மடியிலேயே இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று மணியிலிருந்து அந்தப் போர்டுக்கு கரண்ட் கிடையாது.

கொட்டகையை நெருங்கும்போது ஆறரை. கூட்டம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. டிவியில் வெறும் புள்ளி. செல்வம் ஓடி வந்தான்.

"இப்பத்தாண்ணே மறஞ்சாரு. அரை மணி நேரமா இருந்தாரு."

"யாரு?"

"அவருதான். இன்னக்கி தாவல, வுழல. கட்ட மேல சும்மா நின்னாரு. எங்க பக்கமா திரும்பி நின்னு பாத்துகிட்டே இருந்தாரு."

அந்த ரோமில் என்னென்ன படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓடுவது, தாவுவது, விழுவது, நிற்பது. எல்லாம் பக்கவாட்டில் வரைந்தவை. நம்மைப் பார்த்துத் திரும்பும் படம் ஒன்றுகூடக் கிடையாது. பையின் வார் தோளை அறுத்தது. எந்த வீட்டிலாவது வளைகுடாப் பெட்டி ஓடுகிறதோ, அதுவும் இதே சிப்தானே என்று நினைத்துப் பார்த்தேன். கூட்டம் எதையோ பார்த்து எதையோ சொல்கிறது என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அறுபது பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். குழந்தைகள்கூடச் சொன்னார்கள்.

வந்த வேலையைப் பார்த்தேன். ஆண்டெனா கேபிளைப் பிடுங்கிவிட்டு மாடுலேட்டரைச் சொருகினேன். காசு ஸ்விட்சை விரலால் அழுத்தினேன். புள்ளியில்லாமல், இரைச்சலில்லாமல், ஆறும் கட்டையும் ஆளும் வந்து நின்றன. இவ்வளவு தெளிவாக அதை அவர்கள் பார்த்ததில்லை. ஆளின் தலையில் ஒரு குல்லாய் இருந்தது. இடுப்பில் பெல்ட் இருந்தது. எவருடைய கணவரும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு, பூஸ்டர், சேனல், டோக்கன். நாட்டாமைக்கு முகம் சிவந்தது. "எங்க ஊருப் பொண்ணு தாலிய வச்சாடா வெளயாண்டீங்க?" என்று என் சட்டையைப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு அடி விழுந்தது.

"உடுங்க" என்றார் அஞ்சலை. "நான் கேட்டுக்கிறன்."

என் கையிலிருந்து ஸ்டிக்கை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். ஒரு தள்ளு தள்ளினார். ஆள் நடந்து போய்த் தண்ணீரில் விழுந்தான். குமிழி வந்தது. எழுந்தான். மறுபடி தள்ளினார், மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை தள்ளவில்லை. அவனைக் கரையில் நிற்கவைத்துவிட்டு ஸ்டிக்கை என்னிடம் கொடுத்தார்.

"வெள்ளிக்கெழம அக்கர சேத்தது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

நான் ஸ்டிக்கைக் கீழே வைத்தேன். அவர் என் பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னக்கி அரை மணி நேரம் நின்னாரே. அதும் நீங்கதானா?"

என் பின்னால் வள்ளத்துக்குப் பேசிய ஆள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. சின்னதற்கு நாலு வயது இருக்கும்.

"ஆமாங்க. அதும் நான்தான்" என்றேன்.

"சரி" என்றார் அஞ்சலை. வள்ளக்காரரைப் பார்த்து, "போவலங்க" என்றார். அவர் அழுதது அதற்குப் பிறகுதான். கொட்டகை முழுக்கப் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் வயர்களைச் சுருட்டக்கூட இல்லாமல் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். புதன்கிழமை கருமாதி நடந்தது என்று கேள்விப்பட்டேன். கலியமூர்த்தி வரவில்லை.

6. மீன் மார்க்கெட்

மூன்று நாலு வருடம் கழித்து அஞ்சலை காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்க வந்தார். நான் அந்த வரிசைப் பக்கமே போகமாட்டேன். ஒருநாள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"என்ன தம்பி, என்னப் பாத்தா அந்தாண்ட போறீங்க?"

"ஒங்களப் பாக்க முகம் இல்லைங்க. அன்னைக்கி ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். பையில இருந்ததத்தான நீங்க எடுத்து மாட்டுனீங்க. பையில கெடந்தது எப்புடி டிவியில வரும்? நீங்க அப்பத்தான எல்லாத்தயும் வெளக்குனீங்க, எனக்குப் புரியாதா?"

கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அது புரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சுகிட்டே ஏங்க கேட்டீங்க?"

மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வள்ளம் பேசுனப்ப இருந்தே புள்ளைவளப் பாத்துப் பாத்து பயந்துகிட்டே இருந்தன். போவாதன்னு ஒரு ஆளு சொல்லணும். ஊருல ஒருத்தருக்கும் வாயி வரல. நானா நின்னுட்டா, அவரு கூப்புட்டும் வரலன்னு ஆயிரும் பாருங்க. நீங்க ஆமான்னீங்க. எனக்கு அது போதுமுன்னு வச்சிகிட்டன்."

"அப்ப அன்னைக்கி நின்னது..."

"கெழங்கா மீனு நல்லாருக்கு, கொண்டு போங்க" என்று என் பையில் நாலைப் போட்டார். காசு வாங்கவில்லை.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு உண்டு. ஆண்டெனாவையும் பூஸ்டர் முனையையும் ஒரே முடிச்சில் சேர்க்காதீர்கள். இதை முன்பே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். மற்றது இது: ரிப்பேர் பார்க்கும்போது ஒத்துவராத ரீடிங் ஒன்று வந்தால், மீட்டர் சரியில்லை என்று சொல்லி அதை விட்டுவிடுவது எங்கள் பழக்கம். நானும் ஜூனியர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து சொல்வதில்லை. கொட்டகையில் அந்த அரை மணி நேரம் நின்றது யார் என்று அஞ்சலைக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்தும் அவர் பிள்ளைகளோடு கரையிலேயே இருந்தார்.